ரோகிணிக்குக் கொடுத்த காளான் பொடி

எங்கள் வீட்டில் காளான் சமைத்ததே இல்லை. என் கணவருக்கு அதன் வாசனை ஒத்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கம் அது குடை குடையாக முளைத்து நிற்கும். அவர் செருப்புக் காலால் தள்ளிவிட்டுப் போவார். அதனால்தான் என் மகள் ரோகிணி முதன்முதலாக அந்தப் பழுப்புப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்தபோது, "அப்பா இருந்திருந்தா டம்ளரோட வெளிய வீசியிருப்பார்மா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் ரயில்வே பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவள். மங்கையர்க்கரசி டீச்சர் என்று கேட்டால் மெட்டுகுடாவில் இன்றும் வழி காட்டுவார்கள். மாமனாரின் அப்பா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. என் கணவர் ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன். அவர் மாரடைப்பில் போனபோது ரோகிணி பி.எஸ்சி. முதல் வருடம், அவள் தம்பி கணேஷ்குமார் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

இரண்டு பிள்ளைகளையும் நான் ஒரே மாதிரிதான் வளர்த்தேன். ரோகிணி எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டாள்; ஆனால் தம்பியை இன்ஜினியரிங்கில் சேர்க்க வேண்டியிருந்ததால் அவளாகவே வேலைக்குப் போகிறேன் என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்கிற பெண் அவள். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வேலை பெருகிக்கொண்டிருந்த காலம். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்யும் வேலை அவளுக்குக் கிடைத்தது. முகம் தெரியாத யார் யாருடைய நோயையோ நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பாள். அந்தச் சம்பளத்தில்தான் கணேஷ் படித்து முடித்தான். மாதப்பூரில் பெரிய மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை கிடைத்த அன்று, என்னைவிட அதிகமாக அழுதது அவள்தான்.

பிறகு அவளுக்குக் கல்யாணமும் செய்தேன். மாப்பிள்ளை ஜகதீசன் விருதுநகர்க்காரர். மல்லாபூரில் பெயின்ட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அதிகம் பேசமாட்டார். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே சின்ன பிளாட்டில் குடித்தனம் வைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் கோடையில் ரோகிணிக்குக் கால் வீங்கியது. வாந்தியும் இருந்தது. நாங்கள் எல்லோரும் வேறு எதையோ நினைத்துச் சந்தோஷப்பட்டோம். நான் மாங்காய் கூட வாங்கிக்கொண்டு போனேன். டாக்டரிடம் போனபோது அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்று தெரிந்தது.

வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். கையில் ஒரு சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் என் உள்ளங்கையை எடுத்து வைத்து, "பாரும்மா, பூனை மாதிரி உறுமுது" என்பாள். உண்மையாகவே உறுமியது. குடிக்கத் தண்ணீர் அளவுதான். ஹைதராபாத் வெயிலில் ஒரு பனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு அது கரைகிறவரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். வேலையை விட்டுவிட்டாள். டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டீச்சர் என்பதால் என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். வயது குறைவு, சீக்கிரம் மாற்று சிறுநீரகம் வைத்துவிட்டால் நல்ல ஆயுள் இருக்கிறது என்றார். எனக்குச் சர்க்கரை இருப்பதால் நான் கொடுக்க முடியாது. ஜகதீசன் ரத்த வகை சேரவில்லை.

"கூடப் பிறந்தவர்கள் யாராவது?"

"ஒரு தம்பி."

"ரத்தம்?"

"ஓ பாசிட்டிவ். அவளுக்கும் அதேதான்." கணேஷ் கல்லூரியில் ரத்ததானம் செய்திருந்ததால் எனக்குத் தெரியும்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கிறது, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். கூட்டி வருகிறேன் என்றேன். அதுவரை நான் சொன்னது எதுவும் பொய்யில்லை.

அப்போது கணேஷின் கம்பெனி அவனை நியூஜெர்சிக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்திருந்தது. விசாவுக்கு எழுதியிருந்தார்கள். ஒரு பக்கம் பெண் பார்க்கவும் ஆரம்பித்திருந்தோம். என் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். வயிற்றைக் கிழித்து ஓர் உறுப்பை எடுத்துவிட்டால் அந்தப் பயணம் என்ன ஆகும்? ஒற்றைச் சிறுநீரகம் உள்ள பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதன் முழு ஆயுள் வாழலாம் என்று நானே வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். ஆனால் கரும்பலகை வேறு, பெற்ற பிள்ளை வேறு. வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கும்போது இன்னொருவரை அறுத்துப்போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே வேறு வழி தேடினேன். தேடுகிறவளுக்குக் கிடைக்கத்தான் செய்யும்.

எங்கள் பள்ளியில் ஆயாவாக இருந்த ஆரோக்கியமேரி, ஓய்வுபெற்ற பிறகு காளான் பொடி, காளான் மாத்திரை, காளான் காப்பி, மூலிகைச் சாறு எல்லாம் விற்கும் ஒரு சங்கிலி வியாபாரத்தில் சேர்ந்திருந்தாள். செகந்திராபாத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் நடந்த கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் நின்று, சீனாவில் ராஜாக்கள் மட்டுமே சாப்பிட்ட காளான் இது என்றார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், ஈரலையும் சிறுநீரகத்தையும் புதுப்பிக்கும் என்றார். ஒவ்வொருவராக மேடையேறி மைக் பிடித்தார்கள். சர்க்கரை இறங்கியவர், மூட்டுவலி போனவர், மார்பில் கட்டி கரைந்த ஒரு பெண்மணி. எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் பாதிப்பேர் என்னைப் போலவே வீட்டில் யாரையோ படுக்கையில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

காளானில் நல்ல பொருட்கள் சில இருக்கலாம் என்று ஆராய்ச்சிகள் நடப்பது எனக்குத் தெரியும். பரிசோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் உடம்புக்குள் நடந்துவிடாது என்பதும் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

ரோகிணியின் நோயைப் பற்றிக் கேட்டதும் ஆரோக்கியமேரி தயங்கினாள். வெளியே படிக்கட்டில் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"டீச்சர், மூட்டுவலி, அசதி இதுக்கெல்லாம் தைரியமா குடுப்பேன். கிட்னிக்காரங்களுக்கு எனக்குப் பயமா இருக்கு. டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. அந்தச் சாறு மட்டும் நக்கோ, வேணவே வேணாம். டயாலிசிஸ் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க. நான் விக்கறவ, நானே சொல்றேன்."

"சும்மா கூடச் சேத்துக் குடுக்கத்தான் மேரி" என்று பொடியும் மாத்திரையும் வாங்கி வந்தேன். அவளிடம் மறுபடி போகவில்லை. அந்தக் கூட்டத்தில் அறிமுகமான வேறொருவரிடம் வாங்கிக்கொண்டேன். ரோகிணியிடம், "மேரிக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு ரெண்டு கிட்னியும் திரும்ப வேலை செய்யுதாம்" என்று சொன்னேன்.

ஆரம்பத்தில் அவளுக்குப் பசி திரும்பியது. முகத்தில் வீக்கம் இறங்கியது. டயாலிசிஸ் தொடங்கினால் யாருக்கும் முதலில் அப்படித்தான் தெளிவு வரும் என்று டாக்டரம்மா சொன்னார். அதை நான் ரோகிணியிடம் சொல்லவில்லை. பொடியின் பலன் என்றுதான் சொன்னேன். நம்பிக்கையும் ஒரு மருந்துதான் என்பார்கள், இல்லையா?

ஆனால் அவள் மருத்துவச் சொற்களைத் தட்டித் தட்டித் தேர்ந்தவள். ஒருநாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு டாக்டர் என்ன சொன்னாங்க? எத்தனை பேஷன்ட்டோட ரிப்போர்ட் டைப் பண்ணியிருக்கேன். பிரதர், சிஸ்டர்தானே முதல்ல கேப்பாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் தயாராக இருந்தது.

"கணேஷ்கிட்டப் பேசினேன்டி. அமெரிக்கா போய்ட்டு வந்து பாக்கலாமான்னு கேக்கறான். பயப்படறான். சின்னப் பையன்தானே."

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொடி அடியில் தங்கியிருந்தது.

"அவனே சொன்னானா?"

"ஹவ்" என்று தலையாட்டினேன்.

"சரி, விடு. நானா கேக்க மாட்டேன். இது கேட்டு வாங்கற சாமானில்ல." அந்த மிச்சத்தையும் ஆட்டிக் குடித்துவிட்டு, அன்றுதான் முதல்முறையாக இன்னொரு டம்ளர் வேண்டும் என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பொடியை அவள் குடித்த விதமே மாறிவிட்டது. தம்பி கொடுக்காததை இந்தக் காளான் கொடுத்துவிடும் என்கிற மாதிரி குடிப்பாள். வேளை தவறமாட்டாள். நான் மறந்தாலும் அவளே எழுந்து வெந்நீர் வைப்பாள். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்ப்பாள். "கொஞ்சம் செவப்பா இருக்கில்லம்மா?" என்று கேட்பாள். வெளுத்துத்தான் இருக்கும். செவப்பாத்தான் இருக்கு என்பேன்.

கணேஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவான். "அக்காவுக்கு ட்ரான்ஸ்பிளான்ட் வரைக்கும் போகுமாம்மா?" என்று ஒருதடவை கேட்டான். போகாது, கிட்னி திரும்பி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, டயாலிசிஸையே குறைக்கப் போகிறார்கள் என்றேன். அவன் நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா" என்றான். அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சினிமா, கிரிக்கெட் என்று எதையோ பேசுவார்கள். அவன் தன்னைத் தவிர்க்கிறான் என்று அவள் நினைத்தாள். அவள் தேறிவருகிறாள் என்று அவன் நினைத்தான். நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் தட்டு எடுத்துக் கொடுப்பேன்.

மாப்பிள்ளைதான் கொஞ்சம் சிரமப்படுத்தினார். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையில் பெயின்ட் வாசனையோடு என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அத்தை, நான் மச்சினன்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா? கால்ல விழணும்னாலும் விழுறேன்."

"வேண்டாம் மாப்ளே. புருஷன் வீட்டுக்காரர் போய்க் கேட்டா, சீர் கேக்கற மாதிரி ஆயிடும். அதுவும் இப்படி ஒரு சீரை யார் கேப்பாங்க? அவன் மனசை நான் மெதுவா மாத்தறேன்."

அவர் மானஸ்தர். அந்த வார்த்தை அவரைக் கட்டிப்போடும் என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டே எழுந்து போனார். அன்றிலிருந்து கணேஷ் வந்தால் ஏதாவது சாக்கு சொல்லி வெளியே போய்விடுவார்.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன் இர்பான் நல்ல பையன். ரோகிணியை "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். ஊசி குத்தும்போது ஏதாவது பேச்சுக் கொடுப்பான். அவனும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அம்மா, பாயி கப் ஆயேகா?" என்று கேட்பான். தம்பி எப்போது வருவான் என்று. வரமாட்டான், மறுத்துவிட்டான் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னேன். இர்பான் பெருமூச்சு விட்டு, "கைக்கு ஐசா கர்தே லோகாங்" என்றான். ஏன் இப்படிச் செய்கிறார்கள் மனிதர்கள் என்று. நானும் அவனோடு சேர்ந்து பெருமூச்சு விட்டேன்.

மழைக்காலம் வந்தது. கணேஷுக்கு விசா வந்துவிட்டது. ரோகிணி மிகவும் களைத்திருந்தாள். டயாலிசிஸ் முடிந்தால் அன்று முழுக்கத் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும். ஒருநாள் ஆட்டோவில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "இனிமே என்னால முடியாதும்மா" என்றாள்.

"ஒருதடவை விட்டுப் பாப்போமா?" என்றேன். "பொடி வேலை செய்யுதான்னு தெரியணும்னா விட்டுத்தானே பாக்கணும். அந்தச் சாறும் சேத்துக் குடி."

"டாக்டர் திட்டுவாங்க."

"டாக்டருக்கு மெஷின் ஓடணும்."

"இவருக்குத் தெரிஞ்சா?"

"சொல்லாத. சரியானப்புறம் சொல்லிக்கலாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. ஆனால் சந்தேகத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. ஊசி இல்லாத ஒரு நாள், மெஷின் இல்லாத ஒரு நாள் என்கிற ஆசை. டயாலிசிஸ் நாளன்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி லாலாகுடாவில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மதியம் முழுக்கத் தூங்கினாள். எழுந்து, "வலியே இல்லம்மா" என்றாள். அடுத்த தடவையும் அப்படியே செய்தோம். அதற்கடுத்த தடவையும். வீக்கம் திரும்பியபோது, கெட்ட நீர் வெளியேறுவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்று அந்தக் கோட்டுக்காரர் மேடையில் சொன்னதைச் சொன்னேன்.

இதற்கிடையில் கணேஷ் கிளம்பும் நாள் வந்துவிட்டது. டயாலிசிஸை ஏன் அப்போது விடச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் அவனும் கூட வருகிறேன் என்பான். அந்த மாதம் அவன் லீவில் இருந்தான். இர்பான் இருக்கிறான், டாக்டரம்மா இருக்கிறார். இதையெல்லாம் நான் அன்று இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

அன்று காலை கணேஷ் விடைபெற மல்லாபூருக்கு வந்தான். சாயந்திர விமானத்தில் பம்பாய் போய், அங்கிருந்து அமெரிக்க விமானம். கீழே நண்பனின் கார் நின்றிருந்தது. மாப்பிள்ளை அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் வேறொருவருடைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கப் போய்விட்டார். ரோகிணிக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். காலில் வீக்கம் தெரியாமல் ஒரு போர்வை.

கணேஷ் அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, என்ன வேணும் சொல்லு. அங்கேருந்து அனுப்பறேன்."

"நான் கேக்கறதைக் குடுப்பியா?"

"கேளுக்கா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் கண் நிமிர்ந்து என்னிடம் வந்தது. நான் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தேன். ஊருக்குக் கிளம்புகிற பிள்ளையிடம் இப்போது வேண்டாம் என்கிற மாதிரி.

"ஒண்ணும் நக்கோடா" என்றாள். அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "ஏர்போர்ட்டுக்கு வரவேணாம்மா, நீ அக்காகூட இரு" என்றான். இருந்தேன்.

கார் போன சத்தம் அடங்கிய பிறகு அவள் பாத்ரூம் போக எழுந்தாள். எழ முடியவில்லை.

"அம்மா, கால் தூக்க வரல. மரத்துப்போன மாதிரி இருக்கு. நெஞ்சுல என்னமோ தப்பித் தப்பி அடிக்குது."

உயிரியல் ஆசிரியைக்கு இது என்னவென்று தெரியாமலிருக்க முடியாது. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் தசை ஓயும். கடைசியில் இதயமும் ஒரு தசைதான். நான் ஊற்றிக் கொடுத்த மூலிகைச் சாற்றிலும் அது நிறைய இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா."

"கொஞ்சம் இரு. படுத்தா சரியாயிடும்."

"கணேஷுக்குப் போன் பண்ணு. பக்கத்துலதான் போயிட்டிருப்பான். கார் இருக்கு."

நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். எண்ணை அழுத்தவில்லை. "லைன் போகல" என்றேன். அவள் மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் வைத்துக்கொண்டேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மார்பைத் தடவிக்கொடுத்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அன்று அளவு பார்க்காமல் கொடுத்தேன். இதையெல்லாம் ஒரு கல்நெஞ்சுக்காரி செய்வாளா?

மழை பெய்து நின்றது. தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போனார்கள். அதற்கப்புறம்தான் போன் அடித்தது.

"பிளேன்ல ஏறிட்டேன்மா. இப்ப ஆஃப் பண்ணச் சொல்வாங்க. அக்கா என்ன பண்ணுது?"

"தூங்கறா."

அவள் கண் திறந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அவளைத் தூக்கி வைத்தேன். மடியில் போட்டுக்கொண்டு, வேகமாப் போப்பா, வேகமாப் போப்பா என்று கத்திக்கொண்டே போனேன். கையில் தைத்திருந்த இடத்தின் மேல் என் உள்ளங்கை இருந்தது. நாச்சாரம் தாண்டும்வரை அது உறுமிக்கொண்டிருந்தது. பிறகு உறுமவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். இர்பான் ஓடிவந்தான். "இத்தனை நாள் ஏன் வரல அம்மா?" என்று இந்தியில் கேட்டான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிற தாயிடம் யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

கணேஷ் பம்பாயில் இறங்கியதுமே மாப்பிள்ளை அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அவன் அங்கிருந்தே திரும்பிவிட்டான். சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஈர வேட்டியோடு வாசலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கணேஷ் அவரைக் கட்டிக்கொள்ளப் போனான். ஜகதீசன் விலகினார்.

"தொடாத. உசுரோட இருக்கறப்ப ஒரு கிட்னி குடுக்க மனசு வரல. இப்ப எதுக்கு அழுகுற?"

"என்ன மாமா சொல்றீங்க? யார் கேட்டா?"

"உங்கம்மா எத்தனை தடவை கேட்டாங்க உங்கிட்ட? நான் கால்ல விழ வந்தேன், விடல."

"எங்கிட்ட யாருமே கேக்கல மாமா. அக்காவுக்குச் சரியாயிட்டு வருதுன்னுதானே அம்மா சொன்னா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் திரையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே மேடையில் அவள் குடித்த டம்ளர் கழுவாமல் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

கணேஷ் பின்னாலேயே வந்தான். கத்தவில்லை. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் பேசுவானே, அப்படி ஒரு குரலில் கேட்டான்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா. ஏன்மா கேக்கல?"

நான் மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளை வீட்டைக் காலி செய்துவிட்டு விருதுநகருக்கே போய்விட்டார். யாரும் என்மீது புகார் கொடுக்கவில்லை. கணேஷ் சில மாதம் கழித்து அமெரிக்கா போனான். எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. போனும் செய்வதில்லை. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், குழந்தை இருக்கிறது, சௌக்கியமாக இருக்கிறான் என்று அவன் நண்பர்கள் சொல்லித் தெரியும். இரண்டு சிறுநீரகங்களோடு சௌக்கியமாக இருக்கிறான். எனக்கு அது போதும்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், நான் அந்தப் பொடியை முழுசாக நம்பிவிட்டேன், படித்தும் முட்டாளாகிவிட்டேன் என்றுதான் சொல்லிவந்தேன். பாவம் டீச்சர் என்றார்கள். கணேஷ் மறுத்துவிடுவான் என்று பயந்தேன் என்று ஒருசிலரிடம் சொன்னேன். அதையும் நம்பினார்கள்.

அவன் மறுக்கமாட்டான். அவன் அக்கா வளர்த்த பிள்ளை. கேட்ட அன்றைக்கே போய்ப் படுத்துக்கொண்டு அறுத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பான். அது எனக்கு முதல் நாளே தெரியும். அதனால்தான் நான் கேட்கவில்லை.